ஒற்றைக் காதுக்கு ஒரு ஸ்பீக்கர்

ஐந்து ஸ்பீக்கரும் ஒரு பெரிய டப்பாவும் உள்ள ஹோம் தியேட்டரை வாங்கிப் போடுங்கள், வீடே அதிரும் என்று ரேடியோ கடைக்காரர் சொன்னபோது, என் பக்கத்தில் நின்ற மகள் நிதானமாகக் கேட்டாள்.

“எனக்கு ஒரு காதுதாண்ணே கேக்கும். அஞ்சையும் எங்க வச்சிக்கிறது?”

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்கும்போது அவள் அப்படித்தான் செய்வாள். அந்த உதடு அப்படி மடிந்து நான் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. அந்த நிமிடத்தில் அவர் எதைக் காட்டியிருந்தாலும், கோயில் திருவிழாவில் மரத்தில் கட்டுகிற குழாயையே காட்டியிருந்தாலும், கட்டித் தரச் சொல்லி ஆட்டோவில் ஏற்றியிருப்பேன்.

கீழவாஞ்சூரில் துறைமுகம் வந்த புதிது. என் கணவருக்கு அங்கே எடைமேடையில் வேலை கிடைத்திருந்தது. நிலக்கரி லாரிகளை நிறுத்துவிட்டு, காலர் கறுத்துப்போய் வீட்டுக்கு வருவார். நான் காரைக்காலிலேயே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரே மகள். பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. முதலில் ஒரு கன்னம், இரண்டு நாள் கழித்து அடுத்த கன்னம். டாக்டர் கொடுத்த மாத்திரையையும் கொடுத்தேன். பொன்னைக் கண்டால் வீக்கம் வடியும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள் என்பதால் என் சங்கிலியைக் கழற்றி அவள் கழுத்திலும் போட்டேன். வீக்கம் வடிந்தது. நன்றாகச் சாப்பிட்டாள். நானும் சங்கிலியைத் திரும்ப வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

பிறகு ஒரு காலையில் தோழியிடமிருந்து போன் வந்தது. ரிசீவரை இடது காதில் வைத்தவள், “போன் செத்துப்போச்சும்மா” என்று என்னிடம் நீட்டினாள். வாங்கிக் கேட்டேன். அந்தப் பக்கம் தோழி, ஹலோ, ஹலோ, கேக்குதா என்று கத்திக்கொண்டிருந்தாள்.

அந்த ரிசீவரின் கனம் இப்போதும் என் கையில் இருக்கிறது. புதுச்சேரிக்குப் போனோம், பெரிய டாக்டரைப் பார்த்தோம். பொன்னுக்கு வீங்கி எப்போதாவது இப்படிச் செய்யும், இடது காதின் நரம்பு போய்விட்டது, திரும்பாது, வலது காது அருமையாக இருக்கிறது, அதை அதிகச் சத்தத்திலிருந்து காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். திரும்பி வரும் பேருந்தில் கடலூர் தாண்டும்வரை டாக்டர் சீட்டைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு வந்தேன். மகள்தான் என்னைத் தேற்றினாள். சரியாகச் சொன்னால், தேற்றிவிட்டுத் தூங்கிப்போனாள். கேட்கிற காதைச் சீட்டில் அழுத்திக்கொண்டு. அப்படித் தூங்கினால் உலகத்தில் எந்தச் சத்தமும் அவளை எழுப்பாது என்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தோம்.

அதற்குப் பிறகு நான் ஒரு மாதிரி ஆகிவிட்டேன். அவள் முதுகுக்குப் பின்னால் போய்க் கரண்டியைத் தட்டிப் பார்ப்பேன். சமையலறையிலிருந்து மெல்லிய குரலில், “பாயசம்” என்பேன். எங்க பாயசம் என்று அவள் எழுந்து வந்தால் வலது காது பத்திரம். பாயசம் இல்லை என்று தெரிந்ததும் அவள் என்னைப் பார்க்கிற பார்வைக்கு எந்த டாக்டரிடமும் மருந்து கிடையாது. சாலையில் எப்போதும் அவளுக்கு இடப்பக்கமாக நடப்பேன். பேருந்து ஹாரன் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஒரே காதுக்குத் திசை கிடையாது.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பாட்டை மட்டும் விட்டுவிட்டாள்.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கணக்குப் போடுகிற பெண். ஹெட்போனை எடுக்கச் சொல்லி நான் போட்ட சண்டைகளுக்குக் கணக்கில்லை. இப்போது அது ஆணியில் தொங்கியது. ஏன் கேட்பதில்லை என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். தனக்குப் பிடித்த பாட்டு ஒன்றில் புல்லாங்குழல் வலது பக்கம் ஏதோ கேட்கும், வயலின் இடது பக்கத்திலிருந்து பதில் சொல்லும் என்றாள். இப்போது கேள்வி மட்டும் வருகிறதாம். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லையாம். பிறகு அடுத்த கேள்வியாம்.

“பாட்டுல பாதியக் காணோம்மா. பாதிப் பாட்டு கேக்குறதுக்கு சும்மா இருக்கலாம்.”

வீட்டிலிருந்த பழைய இரட்டை ஸ்பீக்கர் செட்டைப் போட்டுக் காட்டினேன். இடப்பக்கத்து ஸ்பீக்கர் எங்கோ பக்கத்து வீட்டில் பாடுவதுபோல இருக்கிறது என்றாள். நடுவில் அடிக்கிற திடும் திடும் பாடகியின் குரல்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறதாம். இரண்டு காது உள்ளவர்களுக்கு மூளை அதையும் இதையும் பிரித்துக் கொடுத்துவிடும். ஒரு காதுக்காரர்களுக்கு எல்லாம் ஒரே வாசல் வழியாக இடித்துக்கொண்டு வரும்.

இப்படித்தான் பள்ளிக் கணினி அறையில், சாப்பாட்டு இடைவேளைகளில், ஸ்பீக்கர் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். ஃபுல் ரேஞ்ச் என்று ஒரு ஜாதி இருக்கிறது என்று தெரிந்தது. தனியாகக் கீழ்ச்சத்தத்துக்கு ஒன்று, மேல்சத்தத்துக்கு ஒன்று என்று இல்லாமல், ஒரே கூம்பு மிருதங்கத்தையும் வாசிக்கும், சலங்கையையும் குலுக்கும். ஒரே இடத்திலிருந்து முழுப் பாட்டும் வரும். அப்படி ஒன்று, ஒன்றே ஒன்று, அவளுக்கு எதிரே இருந்தால் போதும். இதைப் படித்த அன்று மத்தியானம் ஒன்பதாம் வகுப்புக்கு வட்டத்தின் பரப்பளவு எடுக்கப் போய், பாதியில் கூம்பின் கன அளவுக்குப் போய்விட்டேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஆகவே அந்த ரேடியோ கடை. ஐந்து ஸ்பீக்கரைப் பற்றிய பேச்சு முடிந்ததும் கடைக்காரர் எழுந்து உள்ளே போனார். தூசி தட்டி மூன்று டிரைவர்களைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்; டிரைவர் என்பது பெட்டி இல்லாத வெறும் ஸ்பீக்கர், காகிதக் கூம்பும் பின்னால் காந்தமும். நாலு அங்குலம், ஆறு அங்குலம், எட்டு அங்குலம். பெரிய இரண்டுக்கும் கூம்பின் நடுவில் இன்னொரு குட்டிக் கூம்பு, குடைக்குள் குடைபோல. மூன்றையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்துவிட்டு, பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். இடது, வலது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே கம்பியில் கொண்டுவருகிற ஒயர் ஒன்றை அங்கேயே பற்றவைத்துக் கொடுத்தார். கூடவே கைக்கடக்கமான ஓர் ஆம்ப்ளிஃபையர். கிளம்பும்போது, பெட்டிதான் டீச்சர் முக்கியம், டிரைவர் பாதிதான் என்றார். எனக்கு அது புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் புரிந்தது. ஆறு அங்குலத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து இணைத்தோம். ஸ்பீக்கர் ஒயரில் ஷாக் அடிக்காது என்று கடைக்காரர் சொல்லியிருந்தும், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் நான் இணைத்தேன். இப்ப எப்படிப் பாடும் என்று மகள் கேட்டாள். மறுபடி போட்டேன். பாடகி கொசு மாதிரி பாடினாள். கீழே ஒன்றுமே இல்லை. மிருதங்கம் தீப்பெட்டியைத் தட்டுவதுபோல இருந்தது.

ஏன் என்று நான் படித்திருந்தேன். கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன்பக்கத்துச் சத்தம் கூட்டல், பின்பக்கத்துச் சத்தம் கழித்தல். இரண்டும் ஓரத்தில் சந்தித்தால் பூஜ்யம். இத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதிய கணக்கு என் சாப்பாட்டு மேஜையில் பாடிக்கொண்டிருந்தது. பின்பக்கத்தைச் சிறைபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய்க் குடத்தை எடுத்துவந்து, அதன் வாயில் டிரைவரைக் கவிழ்க்காமல் மல்லாக்க உட்கார வைத்தேன்.

பாடகி கிணற்றுக்குள் விழுந்துவிட்டாள். ஆனால் கொசு இல்லை. உடம்பு வந்துவிட்டது.

அறைக்குத் திரும்பிப் போன மகள் வாசற்படியில் நின்றாள். “அரிசி டிரம்முல வச்சுப் பாரும்மா” என்றாள்.

அன்று மாலை எங்கள் வீட்டில் மூடி உள்ள பாத்திரம் எதுவும் மூடியோடு இருக்கவில்லை. எண்ணெய் டின்னில் வைத்தோம். ஆட்டோவில் சுங்கிடிப் புடவைத் தள்ளுபடி அறிவிப்பதுபோல ஒரு கரகரப்பு. பிரஷர் குக்கரில் வைத்தோம். அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. மீன்காரம்மாவிடம் கேட்டு வாங்கிய தெர்மக்கோல் பெட்டியில் வைத்தோம். குரல் மெத்தென்று நன்றாக இருந்தது, ஆனால் வீடு முழுக்க வஞ்சிரம் மணத்தது. சுரக்குடியிலிருந்து என் கணவர் வீட்டார் அனுப்பிய அரிசி பாதி இருந்த டிரம்மில் வைத்தபோது, மிருதங்கம் முதல்முறையாக மிருதங்கம்போல் கேட்டது. அரிசி, அதிகமான அதிர்வைக் குடித்துவிடுகிறது என்று நான் விளக்கினேன். அரிசியை அள்ளி அள்ளி வெளியே எடுத்து, எந்த அளவில் குரல் நன்றாக இருக்கிறது என்று பார்த்தோம். டிரம்முக்குள் தலையை விட்டுப் படியால் அளந்துகொண்டிருந்தேன். பின்னால் செருப்புச் சத்தம்.

வேலை முடிந்து வந்த என் கணவர் கூடத்தைப் பார்த்தார். தரையில் ஐந்தாறு முறத்தில் அரிசி. குடம், டின், குக்கர், தெர்மக்கோல் பெட்டி. டிரம்முக்குள் மனைவி. டிரம்மின் மேல் காதை வைத்தபடி மகள்.

“யார் வூட்டுக் கல்யாணம்?” என்றார்.

பாட்டு கேட்கிறோம் என்றேன். அரிசிக்கா என்று கேட்டுவிட்டு, சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தார். சோறு பொங்கவில்லை என்று தெரிந்ததும் இட்லி வாங்கிவரக் கிளம்பியவர், வாசலில் செருப்பு மாட்டும்போது அந்தப் பாட்டை விசில் அடித்தார்.

அடுத்த சில நாள் டிரைவர் தேர்வு நடந்தது. அரிசி டிரம்தான் தேர்வு மையம். மகள் கண்ணை மூடிக்கொண்டு வலது காதைக் காட்டி உட்காருவாள். நான் மாற்றி மாற்றி வைப்பேன். அவள் மார்க் போடுவாள். ஆயுள் முழுக்க மற்றவர்களுக்கு மார்க் போட்ட எனக்கு, ஒரு தேர்வு அறையில் கைகட்டி நிற்பது எப்படிப்பட்டது என்று தெரிந்தது. நாலு அங்குலத்துக்கு ஐம்பத்தைந்து. பாடகி ஸ்டூல்மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்துப் பாடுகிறாளாம். எட்டு அங்குலத்துக்கு அறுபது. பாடகிக்கு இப்போது சாப்பாடு ஆகிவிட்டதாம், வெற்றிலை போட்டுக்கொண்டு பாடுகிறாளாம். ஆறு அங்குலத்தை வைத்ததும் மகள் மார்க் போடவில்லை. கண்ணைத் திறந்து, “இவங்கதாம்மா. இவங்க பாட்டுக்கு நிக்கிறாங்க” என்றாள்.

ஆனால் வயலின் இன்னும் தெளிவாக வரவில்லை. இரண்டு பக்கமும் ஒரே கம்பியில் சேர்ந்துவிட்டதால் பதில் சொல்கிறது என்று தெரிகிறது, என்ன சொல்கிறது என்றுதான் தெரியவில்லை என்றாள். தகர டிரம் கிணுகிணுக்கிறது, அதற்குள் வயலின் கரைந்துபோகிறது. சொல்லிவிட்டு எழுந்து அறைக்குப் போய்விட்டாள். இவ்வளவு தூரம் இழுத்து வந்துவிட்டோம். பெட்டி சரியாக அமையாவிட்டால் இவள் இனிமேல் பாட்டுப் பக்கமே வரமாட்டாள் என்று தோன்றியது. ஒரு தடவை பாதிப் பாட்டோடு விட்டவள், இரண்டாம் தடவை முக்கால் பாட்டோடு விடுவாள். அது இன்னும் மோசம்.

பெட்டியின் திட்டத்தைக் கணினி அறையில் அச்செடுத்தேன். சுமார் இருபது லிட்டர். முன்பக்கம் டிரைவருக்கு ஒரு வட்டம். அதற்குக் கீழே இன்னொரு சின்ன வட்டம், அதில் ஒரு குழாய். பின்பக்கத்துச் சத்தத்தை வீணாக்காமல் அந்தக் குழாய் வழியாகச் சரியான நேரத்தில் வெளியே விட்டால் கீழ்ச்சத்தம் கூடும். அந்தக் குழாயின் நீளத்தைக் கணக்கிட ஒரு வாய்பாடு இருந்தது. அழகான வாய்பாடு. அதைப் போட்டுப் பார்த்துப் போட்டுப் பார்த்து, அந்த ஓட்டைமேல் எனக்கு ஒரு காதலே வந்துவிட்டது. வீட்டில் இருந்தவர்களுக்கெல்லாம் அதை விளக்கினேன். என் கணவர் அதை முழுதாகக் கேட்டார். லாரி வரிசையில் நின்று பழகியவர்.

தச்சர்கள் எல்லாரும் கல்யாண சீசன் கட்டில் பீரோவில் மூழ்கியிருந்தார்கள். சாதாரணப் பலகை எங்கள் ஊர் உப்புக் காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது, ஊறி உப்பிவிடும் என்று பயமுறுத்தவும் செய்தார்கள். அரசலாற்றங்கரைப் படகுப் பட்டறையை நினைவூட்டியது என் கணவர்தான். ஃபைபர் படகு கட்டுகிற, ஓட்டை அடைக்கிற பட்டறை. மேஸ்திரியின் மகள் என் வகுப்பில் படித்தாள். படகுக்கு வாங்கிய தண்ணீர் ஏறாத பிளைவுட் துண்டு மிச்சம் கிடக்கும் என்றார்.

துண்டு கிடந்தது. மேஸ்திரி நான் அச்செடுத்த தாளை வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தார். எத்தனை பேர் ஏறணும் என்று கேட்டார். யாரும் ஏற வேண்டாம், உள்ளே சத்தம் இருக்கும் என்றேன். சத்தமா என்று கேட்டுவிட்டு, கூட வந்திருந்த என் மகளை ஒரு பார்வை பார்த்தார். அவள் பாட்டு கேட்பதற்கு என்றேன். அப்படின்னா நல்லாச் செய்யணும் என்று டிரைவரைக் கையில் வாங்கிக்கொண்டார். உள்ளே அடைக்க, பழைய தலையணையைப் பிரித்து எடுத்த இலவம்பஞ்சு ஒரு பையில் கொண்டுபோயிருந்தேன்; அதையும் வாங்கிக்கொண்டார். அவருடைய கவலை எல்லாம் காற்று எங்கேயாவது கசியுமா என்பதுதான். கசியவே கூடாது என்று நானும் மூன்று தடவை சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியும் இன்னொருவரும் சைக்கிளின் பின்னால் பெட்டியை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வாசலுக்கு ஓடினோம். சணல் சாக்கை விலக்கினார்.

படகு நீலம். மேலே வெள்ளைக் கோடு. ஃபைபர் பூச்சில் முகம் பார்க்கலாம். நெற்றியில், அதாவது டிரைவருக்கு மேலே, சந்தனம் குங்குமம். சுற்றி ஒரு முழம் கதம்பம். பட்டறையிலிருந்து எது வெளியே போனாலும் பூசை போட்டுத்தான் போகும் என்றார் மேஸ்திரி. ஆற்றங்கரையில் எலுமிச்சம்பழம்கூட நறுக்கியிருக்கிறார்கள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகுதான் பார்த்தேன். டிரைவர் இருந்தது. அதற்குக் கீழே வழுவழுவென்று நீலம்.

“மேஸ்திரி, இங்க ஒரு ஓட்டை இருக்கணுமே?”

“இருந்துச்சு டீச்சர். அடைச்சிட்டேன்.”

“அது நான் போடச் சொன்ன ஓட்டைங்க.”

“நீங்க சொன்னீங்க, நானும் போட்டேன். அப்பறம் பாத்தா மனசு ஒப்பல. அதுல மாட்ட ஒரு சாமானும் குடுக்கல. நம்ம பட்டறையிலேர்ந்து ஓட்டையோட ஒண்ணு போச்சுன்னு நாளைக்கு எவனாச்சும் சொன்னா நான் கரையில நிக்க முடியுமா? ரெண்டு கோட்டு அடிச்சு, டிரைவரு வாயில பலகைய வச்சு மூடி, ஆத்துல வுட்டுப் பாத்துட்டேன். ஒரு சொட்டு ஏறல.”

என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்; தோள் மட்டும் குலுங்கியது. மகளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. என்ன சொன்னார் என்று வலது காதைத் திருப்பிக் கேட்டாள். ஆத்துல வுட்டாராம், மிதந்துச்சாம் என்று அவள் அப்பா சொன்னதும் அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்படி ஒரு சிரிப்பு. மேஸ்திரிக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. ஆனால் பெருமை குறையவில்லை. புயலே அடித்தாலும் இந்தப் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது என்று உத்தரவாதம் கொடுத்துவிட்டு, மோர் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. என் குழாய், என் வாய்பாடு. அறுத்துத் திறக்கச் சொல்லலாமா, சொன்னால் கோபித்துக்கொள்வாரா, திறந்தால் ஃபைபர் வெடிக்குமா, எல்லாம் யோசித்தேன். கீழ்ச்சத்தம் போதாமல் போய், மகள் நாற்பது மார்க் போட்டு, எழுந்து போய், அறைக்கதவைச் சாத்திக்கொள்வதை அப்படியே பார்த்தேன். முதல்ல ஒயரைக் குடு, பிறகு அழு என்றார் என் கணவர்.

கூடத்து மூலையில், ஒரு ஸ்டூலின்மேல், காதுயரத்துக்கு வைத்தோம். மெயினை அணைத்து, இணைத்து, மெயினைப் போட்டேன். மகள் பெட்டியில் சுற்றியிருந்த பூவைக் கழற்றிவிட்டு அதற்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அந்தப் பாட்டையே போடச் சொன்னாள். வேறு ஏதாவது சின்னதாக முதலில் போட்டுப் பார்க்கலாமே என்றேன். அதையே போடு என்றாள். நான் அவளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

புல்லாங்குழல் வந்தது. கேள்வி கேட்டது. பிறகு, ஒரு மூச்சு இடைவெளியில், வயலின் வந்தது. திடும் திடும் இல்லை. கிணுகிணுப்பு இல்லை. மிருதங்கம் தன் இடத்தில் உட்கார்ந்து மெதுவாகத் தட்டியது. பாடகி வந்து யார்மேலும் மோதாமல் நடுவில் நின்றாள். கீழே கொஞ்சம் குறைந்தது உண்மைதான். அந்தக் குறைச்சலால்தான் குரலுக்கு வழி கிடைத்திருந்தது என்று எனக்கு மெல்ல மெல்லத் தெரிந்தது. ஓட்டை இருந்திருந்தால் அந்த வழியில் திடும் திடும் வந்து உட்கார்ந்திருக்கும்.

மகள் அசையவில்லை. பாட்டு முடிந்தது.

“வயலின் பதில் சொல்லலம்மா” என்றாள்.

மேஸ்திரியைக் கூட்டிவர நான் வாசல் பக்கம் திரும்பினேன்.

“எதுத்துப் பேசுது. இத்தன நாளா நான் தப்பா நெனச்சிருக்கேன். அது சண்டம்மா. நல்ல சண்ட.” திரும்பி என்னைப் பார்த்தாள். முகம் முழுக்க நனைந்திருந்தது, பல் முழுக்கத் தெரிந்தது. “இன்னொரு தடவ போடு.”

போட்டேன். இன்னொரு தடவை. பிறகு அவளே எழுந்து, வேறு பாட்டு, வேறு பாட்டு, பல மாதப் பட்டினியைத் தீர்ப்பதுபோல ஒன்று முடிவதற்குள் அடுத்தது. ஒவ்வொன்றிலும் இடது பக்கம் என்று இருந்ததெல்லாம் திரும்பி வந்திருந்தது. இங்கே ஒரு மணி இருக்கு பாரு என்பாள். எங்கோ ஒரு மூலையில் ஒரு மணி. இரண்டு காதும் உள்ள எனக்கு அதுவரை அது கேட்டதே இல்லை. அவள் அப்பா துண்டைத் தோளில் போட்டபடி கதவில் சாய்ந்து, எடைமேடையில் லாரியைப் பார்ப்பதுபோலப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓட்டை போடச் சொல்லவா என்று நான் கேட்டேன்; கணக்கு டீச்சருக்கு ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது. அவள் பெட்டியின் முன்னால் கை விரித்து நின்றுகொண்டாள். மூழ்கிடும்மா என்றாள்.

சத்தம் ஏறிக்கொண்டே போனது அப்போதுதான் எனக்கு உறைத்தது. டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. இருப்பது ஒரு காது. கொஞ்சம் குறை என்றேன். அவள் ஆடிக்கொண்டிருந்தாள். தோள் மட்டும் ஆடியது, கண் மூடியிருந்தது. குறைடி என்று கொஞ்சம் உரக்கச் சொன்னேன். கேட்டதாகத் தெரியவில்லை. அப்புறம்தான் கவனித்தேன், நான் அவள் இடப்பக்கம் நின்றுகொண்டிருந்தேன். சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போனேன். நான் போவதற்குள் அவள் திரும்பி, இடது காதைக் காட்டி நின்றாள்.

தற்செயல் என்று நினைத்தேன். மறுபடி சுற்றினேன். அவளும் சுற்றினாள். கண் இன்னும் மூடித்தான் இருந்தது, ஆனால் கீழுதடு உள்ளே மடிந்திருந்தது. வேகமாகப் போனேன், அவளும் வேகமாக. புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிர்த்திசையில் பாய்ந்தேன். அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. நான் குறை குறை என்று கத்தியபடி அவளைச் சுற்றி வர, கேட்காத காதை எனக்குக் காட்டிக்கொண்டே அவள் நின்ற இடத்தில் சுழல, கூடம் எனக்குச் சுற்ற ஆரம்பித்தது. கை ஏதோ ஒன்றைப் பிடித்தது. அது அவள் தோள். இருவரும் தரையில் உட்கார்ந்தோம். எனக்குப் பேச மூச்சில்லை. அவள் அப்பா மெதுவாக நடந்துவந்து, ஆம்ப்ளிஃபையர் பக்கம் குனிந்து, சத்தத்தைக் கூட்டுகிற குமிழை நான் பார்க்கிற மாதிரியே பிடித்து, இன்னும் கொஞ்சம் ஏற்றினார்.